எண்பத்து மூணாம் நம்பர் டேப்

அந்தக் கவரை மடக்காதிய, அண்ணாச்சி. தெரியாத ஆளு சொல்லுதான்னு கோவிச்சுக்கிடவும் வேண்டாம். மடியில நிமித்தி வச்சுக்கிடுங்க. ஸ்கேன் படம்தான? மதுரைக்கா கொண்டு போறிய? சரி சரி, யாருக்கு என்னன்னு நான் கேக்க மாட்டேன். வீட்டுக்குப் போனதும் பத்திரமா வைங்க, அவ்வளவுதான் சொல்லுதேன். ஆஸ்பத்திரியில ஒரு காப்பி இருக்கும், எப்பம் கேட்டாலும் எடுத்துக் குடுத்திருவாவன்னு மட்டும் நெனச்சிராதிய.

எப்படித் தெரியும்னு கேக்கியளா? அந்தக் காப்பியை வச்சிருந்தவனே நான்தான். என் பேரு ஆவுடையப்பன். நம்ம பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், இப்பவும் எனக்கு சுகருக்கு அங்கதான் மாத்திரை. இருபத்தேழு வருஷம் அங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தேன். ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு.

டயர் மாத்த இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும்னு கண்டக்டர் சொல்லுதாரு. கீழ இறங்கி நிக்கியளா? வேண்டாமா? அப்பம் சொல்லுதேன். நீங்க ஊரு பேரு தெரியாதவரு. உங்கட்ட சொன்னா ஒண்ணும் இல்ல.

கம்ப்யூட்டர்னதும் பெரிய படிப்பு படிச்சவன்னு நெனைக்காதிய. எனக்கு டேப் சோலி. ஸ்கேன் எடுக்காவ இல்லையா, அந்தப் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல கெடக்கும். ஒரு வருஷம் ஆனா எடம் பத்தாது. அப்பம் அதையெல்லாம் டேப்புல ஏத்தி எடுத்து வைக்கணும். பழைய பாட்டுக் கேசட் பாத்திருப்பியள்லா, அதைவிட தடிமனா, உள்ளங்கை அகலத்துல ஒரு கறுப்பு டப்பா. உள்ள அரை மைல் நீளத்துக்கு நாடா சுத்தியிருக்கும். ஒரு டேப்புக்குள்ள ரெண்டாயிரம் மூவாயிரம் பேரோட நெஞ்சும் மண்டையும் வயிறும் கெடக்கும். முதுகுல ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். நான் ரிட்டயர் ஆகும்போது இருநூத்து அறுபது டேப்பு இருந்துச்சு.

அதுக்கு விதி உண்டு. செவுத்துல எழுதி ஒட்டியிருந்தாவ, நான்தான் நோட்டீஸ் ஒட்டுனேன். கீழ போடக் கூடாது. புஸ்தகம் மாதிரி நிமித்தி வைக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது. குளுந்த எடத்துல இருக்கணும். வெக்கையான எடத்துல இருந்து கொண்டாந்தா, ஒரு நாள் முழுக்க ஏசி ரூம்ல சும்மா வச்சுட்டு மறுநாள்தான் மெஷின்ல போடணும். பொறவு மாசத்துக்கு ஒரு சோதனை. இருக்கிறதுல அஞ்சு டேப்பை கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும். டப்பா ஓட்டுல கீறல் இருக்கா, நாடா நுனியில உள்ள முள்ளு எடத்துல இருக்கா, தூசி இருக்கான்னு பாக்கணும். மெஷின்ல போட்டு ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பாக்கணும். எடுக்க வந்துச்சுன்னா ரெஜிஸ்தர்ல நம்பர் எழுதி, "பார்த்தேன், சரி"ன்னு போட்டுக் கையெழுத்து.

ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு கட்டடத்துல வைக்கணும்னும் விதி இருந்துச்சு. டேப் தட்டுப்பாடுன்னு ஒரு காப்பியோட நிறுத்திட்டாவ. அது என் தப்பு இல்ல, அண்ணாச்சி. அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. அது மேனேஜர் செஞ்சது.

என் தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா அந்தச் சோதனையில.

ஒரு வருஷத்துக்கு மேல பழசான டேப்பெல்லாம் பழைய நர்ஸ் ஹாஸ்டல் கட்டடத்துக்குப் போயிரும். அங்க ஒரு ரூம்ல இரும்பு பீரோ ரெண்டு. ஏசி கெடையாது. அங்க போணும்னா வாட்ச்மேனைத் தேடிச் சாவி வாங்கணும், எடுத்துட்டு வரணும், ஒரு நாள் காத்துக் கெடக்கணும், மறுநாள் மெஷின்ல போடணும், திரும்பக் கொண்டு வைக்கணும். அஞ்சு டேப்புக்கு மூணு நாள் சோலி. முதல் ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் செஞ்சேன். சாமி சத்தியமா செஞ்சேன். பொறவு ஒரு மாசம் முட்டு வலி. சாவி வாங்கப் போகல. மெஷின் ரூம் ஷெல்ஃப்ல எதுக்கவே அஞ்சு டேப் இருந்துச்சு, புதுசு, நல்ல டேப்பு. அதைப் போட்டுப் பாத்தேன், ஓடுச்சு. ரெஜிஸ்தர்ல வேற அஞ்சு நம்பர் எழுதினேன். யாரும் கேக்கல. அடுத்த மாசமும் அதே அஞ்சு டேப்பு. அதுக்கு அடுத்த மாசமும்.

மாசா மாசம் அதே அஞ்சைப் போட்டு ஓட்டி ஓட்டி, அதுதான் தேஞ்சுது. மத்ததெல்லாம் ஹாஸ்டல்ல சும்மா கெடந்துச்சு. ரெஜிஸ்தர்ல மட்டும் நான் ஒழுங்கு. எந்த மாசமும் ஒரே நம்பர் வராதபடி பாத்துப் பாத்து எழுதுவேன். வெளியூர்ல இருந்து தரம் பாக்க வந்தவிய அந்த ரெஜிஸ்தரைப் பொரட்டிப் பாத்துட்டு, "இப்படி ஒரு ரெஜிஸ்தரை நாங்க எங்கயும் பாக்கல"ன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுல எனக்கு ஒரு பொன்னாடை. போட்டோவ வீட்டு முன் ரூம்ல மாட்டியிருக்கேன். இன்னும் இருக்கு. எடுக்கணும்னுதான் நெனைக்கேன், செவுத்துல அடையாளம் தெரியுமேன்னு விட்டுட்டேன்.

சொல்லும்போது நாக்கு கூசுது. ஆனா இது சின்னதுதான். இதுக்கு மேலதான் இருக்கு.

ஒரு ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை. தை மாசம் ஏதோ சோலியா ஹாஸ்டல் ரூமைத் தொறக்கேன், கப்புனு ஒரு வாடை. மேல செவுரு ஓதமடிச்சு, பீரோவுக்குள்ள டேப் ஓட்டுமேல எல்லாம் வெள்ளையா பூசணம். மேனேஜர்ட்ட சொல்லணும்லா? சொன்னா, "மாசா மாசம் பாக்கியே, அப்பம் தெரியலையா"ன்னு கேப்பாரு. என்ன சொல்ல?

நானே சரி பண்ணிருவோம்னு முடிவு பண்ணேன். கெட்ட எண்ணம் இல்ல, அண்ணாச்சி. அக்கறையாத்தான் செஞ்சேன். வீட்டுல அவ, என் வீட்டுக்காரி, மழை முடிஞ்சதும் சேலையெல்லாம் எடுத்து ஒணத்துவா. அதைப் பாத்துப் பழகுன புத்தி. ஒரு ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல போனேன். வீட்டுல இருந்து ரெண்டு பெட்ஷீட்டு, ஒரு ஈரத்துணி. ஒவ்வொரு டேப்பா பூசணத்தைத் தொடச்சேன். மொட்டை மாடியில பெட்ஷீட்டை விரிச்சு, அத்தனை டேப்பையும் வரிசையா வத்தல் காயப் போட்ட மாதிரி பரத்தினேன். இருநூத்துப் பன்னெண்டு டேப்பு. தை மாச வெயில்னாலும் நம்ம ஊரு வெயில்லா. தளம் கால் வைக்க முடியாமச் சுட்டுது. மத்தியானம் ஒரு தடவ எல்லாத்தையும் திருப்பிப் போட்டேன், அடிப்பக்கமும் காயணும்லா. காக்கா வரக்கூடாதுன்னு கையில ஒரு கம்பு. டேங்க் நெழல்ல உக்காந்து காவல் காத்தேன். சாயங்காலம் தொட்டாச் சூடாத்தான் இருந்துச்சு. அப்படியே உள்ள கொண்டு போய் அடுக்கி, நடுவுல நடுவுல அந்துருண்டை போட்டு பீரோவைப் பூட்டினேன்.

வீட்டுல போய்ச் சொன்னேன். அவ சொன்னா, "பட்டுச் சேலைய நாங்க நெழல்லல்லா ஒணத்துவோம். வெயில்ல போட்டா நைஞ்சு போயிரும்"னு. பட்டு வேற பிளாஸ்டிக் வேறன்னு சொல்லிட்டு நான் குளிக்கப் போயிட்டேன்.

மறுநாள் ஒரே ஒரு டேப்பை மெஷின்ல போட்டுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். போடல. போட்டுப் பாக்கப் பயம். ரெஜிஸ்தர்ல எழுதினேன்: பழைய டேப் அனைத்தும் தூசி துடைக்கப்பட்டது, சரி.

அதே வருஷம் ஆடி மாசம் ஹெப்சிபா டீச்சர் வந்தாவ.

எங்க செக்‌ஷன் ரெண்டாவது மாடி. அங்க நோயாளி யாரும் வர மாட்டாவ. டீச்சர் கையில ஒரு சீட்டோட நேரா வந்து நின்னாவ. அம்பது வயசு இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் டீச்சர். சர்ச்சுல பாட்டுக் குழுவுல முன்வரிசை. பேசும்போதே குரல் கணீர்னு இருக்கும். ரூம்ல மெஷின் எரைச்சல்ல நாங்க எல்லாம் கத்திப் பேசுவோம், அவிய சாதாரணமாப் பேசினாலே கேக்கும்.

"சார், ஆறு வருஷத்துக்கு முன்னால ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டேன். விலா எலும்பு முறிஞ்சிருக்கான்னு பாக்க இங்கதான் ஸ்கேன் எடுத்தாங்க. என்கிட்ட இருந்த படம் வீடு மாறும்போது எங்கயோ போயிட்டு. உங்ககிட்ட இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எப்படியாவது தேடிக் குடுங்க சார்"னாவ.

எதுக்குன்னு சீட்டுலயே எழுதியிருந்துச்சு. நெஞ்சு டாக்டர் மீனலோசனி எழுதினது. டீச்சருக்கு ரெண்டு மாசமா இருமல். புதுசா ஸ்கேன் எடுத்ததுல வலது நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுது. ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க முடியாத எடம். பழைய ரிப்போர்ட்டுல எலும்பைப் பத்தித்தான் எழுதியிருக்கு, புள்ளியைப் பத்தி ஒண்ணும் இல்ல. அந்தப் பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பாக்கணும். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அதே எடத்துல அதே அளவுல புள்ளி இருந்துச்சுன்னா, அது ஏதோ பழைய தழும்பு, சும்மா விட்டுரலாம். அப்பம் இல்லாம இப்பம் வந்திருக்குன்னா அறுத்து எடுக்கணும். அவ்வளவுதான் கணக்கு, அண்ணாச்சி. அந்தப் படம் ஒண்ணுதான் வேணும்.

"ஆபரேஷன்னா கொஞ்சம் நுரையீரலையும் சேத்து எடுப்பாங்களாமே சார்"னாவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. "பாட முடியாதேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

"கவலைப்படாதிய டீச்சர், நம்மட்ட எல்லாம் இருக்கு"ன்னேன். ரெஜிஸ்தரை எடுத்துக் காட்டக்கூடச் செஞ்சேன். பாருங்க, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்னு. அவிய அதைத் தொட்டுப் பாத்துட்டு, "ஸ்தோத்திரம்"னாவ.

அந்த மாசத்துப் படம் எண்பத்து மூணாம் நம்பர் டேப்புல இருந்துச்சு. போய் எடுத்துட்டு வந்தேன். இந்தத் தடவை விதிப்படி ஒரு நாள் ஏசியில வச்சேன். மறுநாள் மெஷின்ல போட்டேன். கர்ர்னு ஒரு சத்தம். நின்னுட்டு. திரும்பப் போட்டேன். மெஷின் துப்பிட்டு. மூணு நாள் அண்ணாச்சி. சோறு தண்ணி எறங்கல. மெஷினைச் சுத்தம் பண்ணிப் போட்டேன், வேற மெஷின்ல போட்டேன், மெதுவா ஓட விட்டேன். கொஞ்ச தூரம் ஓடும், அந்தானைக்கு நிக்கும். பக்கத்து நம்பரை எடுத்துப் போட்டேன், அதுவும் அப்படித்தான். பொறவு நான் மத்ததைப் போட்டுப் பாக்கல.

மதுரையில இருந்து மெஷின் பாக்க வார இன்ஜினியர் அல்தாஃப். என் வயசுதான் இருக்கும். வந்து டேப்பைக் கையில வாங்கினாரு, மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. "என்ன சார் இது, அந்துருண்டை வாசம் அடிக்குது"ன்னாரு. மேசை மேல படுக்க வச்சு விரலால ஒரு மூலையை அழுத்தினாரு. டக் டக்னு ஆடுச்சு.

"ஓடு நெளிஞ்சிருக்கு சார். நல்லா சூடு கண்டிருக்கு. உள்ள நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். வெயில்ல எங்கயும் கிடந்துச்சா?"

"என்னய்யா பேசுதீரு. டேப்பை எவனாவது வெயில்ல போடுவானா"ன்னு நான் ஏசிட்டேன். அவரு என் மொகத்தை ஒரு நிமிசம் பாத்தாரு. பொறவு சொன்னாரு: "பெங்களூர்ல ஆளு இருக்காங்க சார். இப்படி ஒட்டுனதையும் பிரிச்சுப் படிச்சுருவாங்க. மூணு வாரம் ஆகும். பாதிக்கு மேல கிடைச்சிரும்னுதான் நினைக்கிறேன். மேனேஜர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. டேப்பு எங்க இருந்துச்சு, கடைசியா எப்ப சோதிச்சீங்க, இது மட்டும் எழுதணும்."

கடைசியா எப்பம் சோதிச்சோம். ரெஜிஸ்தரைப் பொரட்டுதேன். ஆனி மாசம். போன மாசம்தான். எண்பத்து மூணு, பார்த்தேன், சரி, ஆவுடையப்பன். என் கையெழுத்து முத்து முத்தாட்டு இருக்கு.

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. மீனலோசனி டாக்டர்.

"ஆவுடையப்பன், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். அந்தப் பழைய படம் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்கும்னா நான் ஒரு மாசம்கூட பொறுத்துக்கறேன். அதுக்குள்ள அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆயிராது. படமே இல்லைன்னா வர்ற புதன்கிழமை ஆபரேஷன் வச்சிருவேன். ஒண்ணும் தெரியாம மாசக்கணக்கா பாத்துட்டு இருக்க எனக்குத் தைரியம் இல்ல."

ஒரு மாசம் பொறுத்துக்கிடுதேன்னாவ. அவிய வாயாலயே சொன்னாவ. பெங்களூருக்கு மூணு வாரம் போதும். நான் சொல்ல வேண்டியது, "டேப் கெட்டுப் போச்சு டாக்டர், ஆனா மூணு வாரத்துல எடுத்துரலாம்." இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?

நான் சொன்னேன், "அந்த வருஷத்து டேப் நம்மட்ட இல்ல டாக்டர். அப்பம் எல்லாம் உள்ள படுத்த நோயாளி படத்தை மட்டும்தான் டேப்புல ஏத்துவாவ. வெளிய இருந்து வந்து போனவிய படத்தை எடுத்து வைக்க மாட்டாவ."

அதைச் சொல்லும்போது எண்பத்து மூணு என் இடது கையில இருந்துச்சு.

"அப்படியா"ன்னாவ. "மூணு நாளா சாப்பிடாமத் தேடினீங்களாமே, உங்க செக்‌ஷன்ல சொன்னாங்க. தேங்க்ஸ்"னு போனை வச்சிட்டாவ. திரும்பிப் பாக்கேன், அல்தாஃப் மெஷின் பக்கம் குனிஞ்சு எதையோ முறுக்கிக்கிட்டு இருக்காரு. முறுக்க அங்க ஒண்ணும் இல்ல.

ஏசணும்னா ஏசிருங்க. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் ஒரு மெமோ வாங்கினது இல்ல. அந்த ரெஜிஸ்தர் ஒரு தடவை மேசைக்கு வந்துச்சுன்னா முதல் பக்கத்துல இருந்து கேப்பாவ. மொட்டை மாடி கதை வெளிய வரும். கேன்டீன்ல உக்காந்து சிரிப்பாவ, ஆவுடையப்பன் வத்தல் போட்டான்னு. நோயைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. சொல்லவே அசிங்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

புதன்கிழமைக்கு நடுவுல அஞ்சு நாள் இருந்துச்சு. தெனமும் காலையில இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் கெளம்புவேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் ரூம் வாசல் வரை போனேன். உள்ள ஆளு இருந்துச்சு. பொறவு வருவோம்னு வந்துட்டேன். ஆளு இல்லாம இருந்திருந்தா கண்டிப்பாச் சொல்லியிருப்பேன், அண்ணாச்சி.

ஆபரேஷன் நடந்துச்சு. வலது பக்கம் அடிப்பாகத்தை எடுத்துட்டாவ. ஒரு வாரம் கழிச்சு ரிப்போர்ட்டு வந்துச்சு. புத்துநோய் இல்ல. எப்பமோ சின்ன வயசுல சளி கட்டி ஆறின தழும்பு. ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் சந்தோசம். டீச்சர் வீட்டுக்காரரு வார்டு முழுக்க கேக் குடுத்தாரு. எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு, தின்னேன். எனக்கும் சந்தோசம்தான். நல்லவேளை நோய் இல்லன்னுதான் முதல்ல தோணுச்சு. நோய் இல்லன்னா அறுத்தது எதுக்குன்னு ராத்திரி படுத்த பொறவுதான் தோணுச்சு.

மனசு கேக்கல. அல்தாஃபைக் கூப்பிட்டேன். என் சொந்தப் பொறுப்புல, மேனேஜர் லெட்டர் இல்லாம, எண்பத்து மூணை பெங்களூருக்கு அனுப்ப முடியுமான்னு கேட்டேன். அவருக்குத் தெரிஞ்ச ஆளு அங்க இருந்தாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பத்தொம்பதே நாள். மூணு வாரம்கூட இல்ல. ஒரு சிடியில போட்டு அனுப்பியிருந்தாவ.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். இருபத்தஞ்சு வருஷம் படத்தோட கெடந்தவன், ஓரளவுக்குப் பாக்கத் தெரியும். வலது பக்கம், அடியில, ஒரு வெள்ளைப் புள்ளி. அளந்து பாக்க அதுலயே ஒரு கோடு உண்டு. இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு இழுத்தேன். பதினாலு மில்லிமீட்டர். புதுப் படத்தைத் தொறந்து அதுலயும் இழுத்தேன். பதினாலு. இன்னொரு தடவை இழுத்தேன். ஒரு மில்லிமீட்டராவது கூடியிருக்காதான்னு பாத்தேன். கூடல.

சிடியை டிராயருக்குள்ள வச்சுப் பூட்டுனேன். ரிட்டயர் ஆகும்போது உடைச்சுக் குப்பையில போட்டுட்டேன். இனிமே அதை வச்சு என்ன செய்ய, ஆபரேஷன்தான் முடிஞ்சு போச்சே.

டீச்சர்ட்ட சொன்னியான்னு கேக்கியளா? எல்லாரும் அதைத்தான் கேக்காவ. உங்களுக்கு முன்னாடி நாலஞ்சு பேர்ட்ட சொல்லியிருக்கேன், ரயில்ல ஒருத்தர்ட்ட, கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கும்போது ஒருத்தர்ட்ட. எல்லாரும் இதே கேள்விதான். அவியட்ட சொல்லி என்ன ஆவப் போவுது, சொல்லுங்க. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா? அவிய மனசுதான் கஷ்டப்படும். அவிய நல்லதுக்குத்தான் சொல்லாம இருக்கேன். அப்படித்தான் நெனைக்கேன். சொல்லாம இருக்கது எனக்கும் வசதியாத்தான் இருக்கு, அதையும் சேத்தே சொல்லிருதேன்.

சொல்ல ஒரு சமயம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. அவிய அடுத்த செக்கப்புக்கு வந்த அன்னைக்கு. கார்த்திகை மாசம். நான் டிராயர் பக்கத்துல உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டு இருந்தேன். வாசல்ல யாரோ மூச்சு வாங்குத சத்தம். நிமிந்து பாத்தா டீச்சர், செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காவ. கையில ஒரு டப்பா. லிஃப்ட்டு படுக்கை கொண்டு போகத்தான், படியிலதான் ஏறி வந்திருக்காவ. உக்காருங்க உக்காருங்கன்னு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பேச ஆரம்பிக்கவே ரெண்டு நிமிசம் ஆச்சு.

"மூணு எடத்துல நின்னு வந்தேன் சார். பரவால்ல. உங்களைப் பாக்காமப் போகக் கூடாதுன்னு"னாவ. டப்பாவுல முந்திரிக்கொத்து. அவியளே செஞ்சது.

"எனக்காக மூணு நாள் சாப்பிடாம தேடினீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க வீட்டுல ராத்திரி குடும்ப ஜெபத்துல உங்க பேரைச் சொல்லித்தான் முடிக்கோம் சார். என் சின்ன மகதான் சொல்லுவா, ஆவுடையப்பன் மாமாவை ஆசீர்வதியும்னு."

பாட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல. வாய் கேட்டுட்டு.

"குழுவுல நிக்கேன் சார். வாயை மட்டும் அசைக்கேன். பக்கத்துல இருக்க பிள்ளைங்க பாடுதாங்க. ஆண்டவருக்குத் தெரியும்லா"ன்னு சிரிச்சாவ. முன்ன கேட்ட குரல் இல்ல, அண்ணாச்சி. மெஷின் எரைச்சல்ல நான் குனிஞ்சு கேக்க வேண்டியிருந்துச்சு.

எந்திரிக்கப் போனவிய திரும்ப உக்காந்தாவ. "ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். டாக்டரம்மாட்ட கேக்கச் சங்கடமா இருக்கு. உங்களுக்குத்தான் இந்தப் படத்தைப் பத்தி எல்லாம் தெரியும். அந்தப் பழைய படம் கிடைச்சிருந்தா, அறுக்காமலே விட்டிருப்பாங்களோ?"

சிடி இருந்த டிராயர்ல என் முட்டு இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சாவி சட்டைப் பையில. ரூம்ல வேற யாரும் இல்ல. இதுக்கு மேல ஒரு நேரம் யாருக்கு வரும்?

"கிடைச்சிருந்தாலும் அறுத்துத்தான் இருப்பாவ டீச்சர்"னேன். "பழைய படத்தையெல்லாம் நம்பி யாரும் சும்மா விட மாட்டாவ. ஒண்ணும் மாறியிருக்காது."

அவிய மொகம் அப்படியே லேசாயிட்டு. "ஸ்தோத்திரம். அது ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு சார். நானே படத்தைத் தொலைச்சிட்டு இப்படி வருத்திக்கிட்டேனோன்னு ஒவ்வொரு நாளும் அழுவேன்"னாவ. அவிய தொலைச்சதாம். அவிய தப்பாம். அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பொறவு எந்திரிச்சு நின்னு, "ஒரே நிமிஷம் சார், உங்களுக்காக ஜெபிச்சிட்டுப் போறேன், கண்ணை மூடிக்கிடுங்க"ன்னாவ. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல, நானும் எந்திரிச்சு நின்னு மூடுனேன். டீச்சர் சொல்லுதாவ, இந்த உண்மையுள்ள மனுஷனுக்காக ஸ்தோத்திரம், இவர் கையின் வேலைகளை ஆசீர்வதியும்னு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நின்னு மூச்சு எடுத்துச் சொல்லுதாவ. உண்மையுள்ளன்னு சொல்லி நிறுத்துனாவ, மூச்சு வர நேரமாச்சு, பொறவுதான் மனுஷனுக்காகன்னாவ. நான் கண்ணைத் தொறக்கல. ஜெபம் முடிஞ்சு சத்தத்தையே காணோம். நான் என்ன செய்யணும்னு தெரியாம நிக்கேன்.

"ஆமென் சொல்லுங்க சார்"னாவ.

சொன்னேன்.